அனுமதியின்றிக் கரையேறிய புனிதர்: யோசவ் வாஸ் அடிகளாரின் வாழ்வுப் பயணம்



சனவரி 16ஆம் நாள் இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசவ் வாஸ் அடிகளாரின் திருநாள். நம்மவர் வீடுகள் பலவற்றில் மடு அன்னையின் திருவுருவத்துக்கு அருகில் அவருடைய படத்தையும் காணலாம். ஆயினும் அவர் எங்கே பிறந்தார், எப்படி நம் மண்ணுக்கு வந்தார், வந்தபோது அந்நாட்டுச் சட்டம் அவரை எவ்வாறு பார்த்தது என்பவற்றை நம் பிள்ளைகள் அறியார். பெரியோரிலும் பலர் மறந்துவிட்டனர்.

அவற்றை இவ்வாண்டு சற்று விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. அண்மைக் காலமாகப் பார்க் எக்ஸ்டென்ஷனில் திருப்பலி முடிந்து வெளியே நிற்கும் வேளைகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. "ரொக்சம் வீதியால் வந்தவர்கள்தான் எங்கள் இடத்தை நிரப்பிவிட்டார்கள், வாடகை ஏறியதும் அவர்களால்தான், நாங்கள் ஒழுங்காக வந்து உழைத்து முன்னேறினோம்" என்பது அந்தப் பேச்சு. ரொக்சம் வீதி வழி 2023 மார்ச் 25ஆம் நாள் மூடப்பட்டது. பேச்சு மட்டும் மூடப்படவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் அனுமதியின்றிக் கரையேறிய ஒரு குருவானவரின் நினைவு எழுகின்றது. அவருடைய வரலாற்றை முதலில் சொல்லி, பின்னர் இந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தனர். இடைப்பட்ட காலத்தில் வடபுலமெங்கும் ஆலயங்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களில் ஆட்சியாளரின் தயவுக்காகச் சேர்ந்தவர்களும் இருந்தனர், மனம் ஒன்றி நம்பியவர்களும் இருந்தனர். யார் எப்படிப்பட்டவர் என்பது ஒல்லாந்தர் வந்த பின்னரே வெளிப்பட்டது. ஒல்லாந்தர் கல்வீனிய நெறியைச் சார்ந்த சீர்திருத்தத் திருச்சபையினர். அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். ஆலயங்களைத் தம் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றினர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் எனப் பறைசாற்றினர்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் மூதாதையருக்குக் குருவானவர் இல்லை. திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, இறப்போருக்கு நோயிற்பூசுதல் இல்லை. வெளியே ஒல்லாந்தப் போதகரிடம் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் செபமாலை சொன்ன தலைமுறை அது. மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் விசுவாசிகள் புகுந்ததும் இந்தக் காலத்தில்தான். 1670 என மரபு கூறுகின்றது.

இந்த நிலை பற்றிய செய்தி கடல் கடந்து கோவாவில் ஓர் இளங்குருவின் காதில் விழுந்தது.

யோசவ் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில், தம் தாயாரின் ஊராகிய பெனாவுலிமில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, கோவா நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலக் கோவாவில் குருப்பட்டம் என்றால் மதிப்பும் வசதியும் சேர்ந்தே வரும். அவரோ குருவானதும் காலணியைக் கழற்றிவிட்டு ஏழையைப் போல் வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தம்மை அன்னை மரியாவின் அடிமையாகக் கையளிக்கும் சாசனம் ஒன்றைத் தம் கைப்பட எழுதினார்.

இலங்கைக்குப் போகவேண்டும் என்று அவர் மேலிடத்தில் கேட்டார். கிடைத்ததோ வேறு பணி. 1681இல் கன்னட நாட்டின் கரையோரத்துக்கு, மங்களூர், குந்தாப்பூர்ப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் முதலில் சந்தித்தது திருச்சபைக்குள் இருந்த பூசலை. ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்த்துக்கேய அரசருக்கா, உரோமைக்கா என்ற வழக்கில் விசுவாசிகள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். ஒரு தரப்புக் குரு தரும் அருளடையாளம் செல்லாது என்று மறு தரப்பு சொல்லும் அளவுக்கு அது முற்றியிருந்தது. இளங்குருவான அவர் இரு தரப்பினரோடும் பொறுமையாகப் பேசினார். தமக்குரிய கீழ்ப்படிதலை விட்டுக்கொடுக்கவும் இல்லை, எதிர்த்தரப்பை இழித்துப் பேசவும் இல்லை. 1684இல் கோவாவுக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு, பழைய கோவாவில் சில உள்நாட்டுக் குருக்கள் சேர்ந்து வாழ்ந்த சிறு குழுவில் இணைந்தார்; விரைவில் அவரே அதன் தலைவரானார். புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவிய கோவா ஒரட்டோரியன் சபை இவ்வாறு உருவாயிற்று. இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். தொடக்கத்தில் அச்சபையில் பிராமண குலத்துக் குருக்களுக்கே இடம் இருந்தது. ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தாழ்வாக நடத்திய காலம் அது. அந்தப் புறக்கணிப்பிலிருந்து பிறந்த சபையும் தன் பங்குக்கு ஒரு கதவைப் பூட்டியே வைத்திருந்தது. புறக்கணிக்கப்பட்டவர் தமக்குக் கீழே இன்னொருவரைப் புறக்கணிப்பது மனித குலத்தின் பழைய நோய். புனிதர்களின் சூழலும் அதற்கு விலக்கன்று.

1686இல் அவர் தலைமைப் பொறுப்பைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டார். படையும் கப்பலும் பொருளுதவியும் இல்லை. கடைசிவரை அவருடன் சென்றவர் யுவாம் என்னும் இளம் பணியாளர் ஒருவரே. மேற்குக் கரையோரமாகத் தெற்கே நடந்து, தூத்துக்குடியை அடைந்து, 1687இல் பாஸ்கா காலத்தில் கூலியாள் வேடத்தில் இருவரும் தோணி ஏறினர். ஐரோப்பியக் குரு ஒருவர் இவ்வாறு நுழைந்திருக்க இயலாது, நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். கோவாவில் அவரைக் கீழே வைத்த அதே நிறம் இங்கே அவருக்குத் திரையாயிற்று.

கடல் கொந்தளித்தது, பயணம் நீண்டது, உணவு தீர்ந்தது. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இருவரும் வயிற்றுக்கடுப்பால் நலிந்திருந்தனர். நோய் தொற்றிவிடும் என்று அஞ்சியவர்கள் அவர்களை ஊருக்கு வெளியே பற்றைக்காட்டில் கொண்டுபோய் விட்டனர். அங்கே ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவள் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. இவர் யார், எந்த நாட்டார், ஏன் வந்தார் என்று அவள் விசாரித்ததாகவும் குறிப்பு இல்லை. இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பு ஒரு சிரட்டைக் கஞ்சியில் தொடங்கிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

உடல் தேறியதும் அவர் கழுத்தில் ஒரு பெரிய செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை, கண்களைப் பார்த்தார். செபமாலையைக் கண்டதும் யாருடைய கண்கள் கலங்கின, யார் மீண்டும் மீண்டும் உற்றுப் பார்த்தனர் என்று கவனித்தார். நம்பத்தக்கவர் எனத் தெரிந்த பின்னரே தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். பின்னர் பாதுகாப்புக் கருதிச் சில்லாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சில்லாலையே அவருடைய இருப்பிடம். இரவில் திருப்பலி, பகலில் மறைவு. அயற் கிராமங்களுக்கு இருளில் நடந்தே போனார். தமிழை இம்மக்களிடமே கற்றார்.

1689 கிறிஸ்து பிறப்பு இரவு. திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். ஏறத்தாழ 200 பேர் பிடிபட்டனர், அடிகளார் தப்பினார். பெண்கள் விடுவிக்கப்பட்டனர், ஆண்கள் பலருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. எட்டுப் பேர் கடுமையாகச் சவுக்கால் அடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் தொன் பேதுரு. சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கராக மாறியவர். அடியினாலேயே அவர் உயிர் பிரிந்தது. மற்ற ஏழு பேரும் வாழ்நாள் முழுவதும் கடூழியம் செய்யுமாறு தண்டிக்கப்பட்டனர். குருவைக் காட்டிக்கொடுத்திருந்தால் இவர்களுள் பலர் பிழைத்திருக்கலாம். அந்தக் குருவுக்கு அவர்கள் இனத்தாரும் அல்லர், ஊராரும் அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய முகத்தைக்கூடக் கண்டதில்லை.

தம் பொருட்டு மக்கள் மேலும் துன்புறக்கூடாது என்பதால் 1690இல் அடிகளார் புத்தளத்துக்குச் சென்றார். அது அப்போது கண்டி அரசரின் ஆட்சிக்குட்பட்ட நிலம். 1692இல் மலைநாட்டுத் தலைநகரை நோக்கி நடந்தார். கண்டியில் அவருக்கு முன்னரே ஒரு வதந்தி போய்ச் சேர்ந்திருந்தது. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக் கல்வீனியரான இலானரோல் என்பவர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என அரசர் காதில் போட்டிருந்தார். அடிகளாரும் யுவாமும் சிறையில் அடைக்கப்பட்டனர்.

சிறையில் அவர் சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் முற்றத்தில் ஓலைக் குடில் அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினர். தப்பியோட வாய்ப்புகள் இருந்தபோதும் அவர் ஓடவில்லை. ஒற்றர் அல்லர் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேறு இல்லை. மழை பொய்த்த ஒரு காலத்தில் அரசர் வேண்ட, சந்தைவெளியில் பீடம் அமைத்து அவர் மன்றாடியபோது மழை பொழிந்தது எனவும், பீடத்தையும் அவரையும் அம்மழை நனைக்கவில்லை எனவும் மரபு கூறுகின்றது. நம்புவோர் நம்பட்டும். அதைவிடப் பெரிய அற்புதமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று.

இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த அரசர். 1687 முதல் 1707 வரை ஆண்டவர். கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களைச் சவுக்கால் அடித்துக் கொன்ற அதே காலத்தில், இந்தப் பௌத்த அரசர் தம் நிலத்தில் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு வாழவும் வழிபடவும் இடம் கொடுத்தார். இனத்தையும் மதத்தையும் சொல்லிச் சிந்தப்பட்ட குருதியை நம் தலைமுறை கண்டிருக்கிறது. அதனாலேயே இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும். நம் மறையின் வரலாற்றில் ஒரு சிங்கள பௌத்த அரசருக்கு நன்றி எழுதப்பட்டிருக்கிறது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. அரசரும் செல்வரும் நகரை விட்டு நீங்கினர். நோயாளரை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அடிகளாரும், அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய உறவினர் யோசவ் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவ இல்லங்களாக்கினர், புண் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரைச் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். யாருடைய சமயத்தையும் சாதியையும் கேட்கவில்லை. சாதி எல்லை வகுத்த ஒரு சபையிலிருந்து வந்தவர், தீட்டு என உலகம் ஒதுக்கிய உடல்களைத் தம் தோளில் சுமந்தார். யாழ்ப்பாணத்துப் பற்றைக்காட்டில் தாம் பெற்ற கஞ்சியின் கடனைக் கண்டித் தெருக்களில் அவர் திருப்பிக் கொடுத்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன். அதன் பின்னர் நாட்டின் எப்பகுதிக்கும் செல்ல அரசர் அவருக்கு உரிமை அளித்தார்.

கோவாவிலிருந்து மேலும் ஒரட்டோரியன் குருக்கள் வந்தனர். நாடு மறைப்பணித் தளங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் சில குருக்களால் தீவு முழுவதையும் தாங்க முடியாது என்பதை அடிகளார் அறிந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் உபதேசியாரையும் ஊன்றி, குரு வராத மாதங்களில் செபமும் மறைக்கல்வியும் நடக்க வழிசெய்தார். நம் ஊர்க் கோவில்களில் நாம் கண்டு வளர்ந்த அந்தப் பொதுநிலையினர் பொறுப்புகளுக்கு அக்காலத்திலேயே உரம் இடப்பட்டது. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் நம் பெரியோர் கண்ணீரோடு வாசித்த வியாகுலப் பிரசங்கம் அவருடையதே.

திருத்தந்தையின் தூதர் வழியாக ஆயர் நிலை தம்மைத் தேடி வந்தபோது யோசவ் வாஸ் அடிகளார் அதை ஏற்க மறுத்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் இலங்கையில் உழைத்தார். ஒருமுறையேனும் கோவாவுக்குத் திரும்பவில்லை. 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார்; அகவை 59. அவர் வந்தபோது நாட்டில் ஒரு குருவும் இல்லை. அவர் மறைந்தபோது ஏறத்தாழ 70,000 விசுவாசிகளும் 15 ஆலயங்களும் 400 சிற்றாலயங்களும் இருந்தன எனத் திருச்சபை வரலாறு கணக்கிடுகின்றது. அவருடைய கல்லறை இருந்த இடம் காலப்போக்கில் அறியப்படாமற் போயிற்று. 1995 சனவரி 21ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் எனவும், 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனவும் அறிவித்தனர். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருப்பதிக்குச் சென்று, போரில் உறவுகளை இழந்த மக்களோடு செபித்ததை நீங்கள் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

அன்பார்ந்தவர்களே, இனி தொடக்கத்தில் சொன்ன பேச்சுக்கு வருவோம்.

அடிகளார் 1686இல் புறப்பட்டார். சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர் கண்டெடுத்துக் கரைசேர்த்தனர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. பத்திரிகைகள் சீறின. அவர்கள் பொய் சொன்னார்கள், வரிசையைக் குலைத்தார்கள் என்று அன்று இந்நாட்டில் பலர் பேசினர். ஆயினும் நாடு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்து வாழ்வைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுகளில் வந்த நம் குடும்பங்களில் எத்தனை பேர் வேறொருவர் பெயரில் பயணம் செய்தோம், எத்தனை பேர் விமானத்தில் தாள்களைக் கிழித்துவிட்டு இறங்கினோம் என்பது நமக்குத் தெரியும். அதைச் சொல்லி வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் மறந்துவிடக்கூடாது.

நாட்டின் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லைகளைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு. யாரை ஏற்பது என்று தீர்மானிக்கும் முறையும் வேண்டும். வாடகை உயர்வு உண்மையான துன்பம் என்பதையும் அறிவேன். முதியோர் சிலர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்குக் காரணங்கள் பல. 2019இல் நம் அயலில் திறக்கப்பட்ட பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி முதலீட்டாளர் பார்வை இங்கே திரும்பியதும் அவற்றுள் ஒன்று. ஓர் அறையில் ஐவராகப் படுத்துறங்கும் பஞ்சாபியரையும் கெயிட்டியரையும் அதற்குப் பழிசொல்வது எளிது. ஏனெனில் அவர்கள் நமக்கு அருகில் இருக்கிறார்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

அக்காடிப் பெருந்தெருவின் மறுபுறம் நீண்ட வேலியை நாம் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறோம். வசதி படைத்த அயல் நகரம் 1960இல் நம் பகுதிக்கும் தனக்கும் இடையே எழுப்பியது அது. அதைப் பற்றி நாம் மனக்குறையோடு பேசுவதுண்டு, நியாயமான மனக்குறைதான். அதே நாவால் நமக்குப் பின் வந்தவர்களுக்கு எதிராக இன்னொரு வேலியை எழுப்பலாமா?

யோசவ் வாஸ் அடிகளார் சட்டப்படி வந்தவர் அல்லர். வேடமிட்டு வந்தார், ஒளிந்து வாழ்ந்தார், ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டார். நம் மூதாதையர் அவரிடம் தாள் கேட்கவில்லை. ஒரு பெண் கஞ்சி கொடுத்தாள், ஓர் ஊர் ஒளித்துவைத்தது, ஒரு தொன் பேதுரு உயிரையே கொடுத்தார். அவர்கள் அன்று கதவை அடைத்திருந்தால் இன்று நாம் திருப்பலியில் கூடுவோமா என்று எண்ணிப் பாருங்கள்.

வருகின்ற திருநாளுக்கு ஆடம்பரம் வேண்டாம். நம் கட்டடத்தில், நம் தளத்தில், அண்மையில் குடிவந்த ஒரு குடும்பத்தின் கதவை ஒவ்வொருவரும் தட்டுவோம். குளிருக்கு மேலங்கி இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததா, விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஆள் வேண்டுமா என்று கேட்போம். பிரெஞ்சு தெரிந்த நம் இளையோர் இதற்கு மிகவும் உதவலாம். விரும்புவோர் திருப்பலிக்குப் பின் என்னிடம் பெயர் தாருங்கள். சமயமோ நாடோ கேட்கவேண்டாம்.

புனித யோசவ் வாஸ் அடிகளாரே, வழியில் நிற்போர் அனைவருக்காகவும், வீடு கண்டுவிட்ட எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

உங்கள் அன்புப் பங்குத்தந்தை